தர்மபுரியிலிருந்து ப்ராக்: ரயிலில் போய், கேச் தேடி, ஊரும் பார்ப்பது எப்படி?

தர்மபுரித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரில் மேல்படிப்புப் படிக்கிறார். மே மாதம் அப்பா, அம்மாவோடு அவரைப் பார்க்கப் போகிறோம். அங்கிருந்து ரயிலில் செக் நாட்டுத் தலைநகர் ப்ராக் போய் மூன்று நாள் தங்க யோசனை. எனக்கு ஜியோகேச்சிங் விளையாட ஆசை. மற்றவர்களுக்கு ஊர் பார்க்க ஆசை. அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா?"

தாராளமாக முடியும் தம்பி. ஜி.பி.எஸ். வைத்து, 'கேச்' என்ற ஒளித்துவைத்த பெட்டியைத் தேடும் அந்த விளையாட்டுக்கு ப்ராக்கை விடப் பொருத்தமான ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை கேச் எடுத்தோம் என்று எண்ணிக்கொண்டு போனால் அப்பா முதல் நாள் மாலையே ஓட்டல் அறையில் படுத்துவிடுவார், உங்களுக்கும் ஊர் கண்ணில் படாது. ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். அந்த மூன்றை எங்கே தேர்ந்தெடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கிருஷ்ணகிரிக்காரன். முப்பது வருடத்துக்கு மேல் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை என்று இந்த இரண்டு மாவட்டத்தில் நான் சங்கிலி பிடிக்காத பிர்கா குறைவு. மகன் ஜெர்மனியில், லைப்சிக் நகரில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போன இரண்டு முறையும் ப்ராக்குக்கு ரயிலில் போய் வந்தோம். விளையாட்டைக் கற்றுக்கொடுத்தது பேரன். அவன் போனைக் கையில் கொடுத்து "தாத்தா, இந்தப் புள்ளியில் ஒரு டப்பா இருக்கு, கண்டுபிடிங்க" என்றபோது, எனக்கு வேலையில் சேர்ந்த முதல் வருடம் ஞாபகம் வந்தது. புலப்படத்தில் எல்லைக் கல் இருக்கும், நிலத்தில் இருக்காது. தேட வேண்டும். அதே வேலை.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. உலகத்தில் எங்கோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சீட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். பெட்டிதான் கேச். 2000ஆம் ஆண்டு மே மாதம் பிறந்த விளையாட்டு இது. அதுவரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை பிசகும். மே 2ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் வைத்து அதன் புள்ளியை இணையத்தில் எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேல் கேச் இருக்கிறது. நம்ம பக்கம் ரொம்பக் குறைவு. செக் நாட்டில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்கள் மொழியில் செல்லமாகக் 'கெஷ்கா' என்பார்கள்.

இப்போது புள்ளியைப் பற்றி. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஜியோகேச்சிங்கில் புள்ளியை டிகிரி, அதன்பின் நிமிடம், நிமிடத்துக்கு மூன்று தசம இலக்கம் என்று எழுதுவார்கள். நாம் பள்ளியில் படித்தது டிகிரி, நிமிடம், விநாடி. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வேறு. ப்ராக் பழைய நகரச் சதுக்கத்தில் தரையில் ஒரு மெரிடியன் கோடு, அதாவது நேர் வடக்கு தெற்காக ஓடும் தீர்க்கரேகைக் கோடு, பதித்திருக்கிறார்கள். அதன் தீர்க்கரேகை கிழக்கு 14 டிகிரி 25 நிமிடம் 17 விநாடி. இதைக் கேச் முறையில் எழுதினால் 14° 25.283'. பதினேழு விநாடியை அறுபதால் வகுத்தால் .283 வரும். அவசரத்தில் 25.17 என்று போட்டுவிட்டால், 135 மீட்டர் மேற்கே தள்ளி ஏதோ ஒரு சந்தில் நின்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. அட்சரேகையில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் நிலத்தில் 1.85 மீட்டர். இது எங்கே போனாலும் ஏறக்குறைய அதேதான். தீர்க்கரேகை அப்படியில்லை, வடக்கே போகப் போகக் குறுகும். நம் கிருஷ்ணகிரியில் கடைசி இலக்கம் ஒன்றுக்கு 1.81 மீட்டர், ப்ராக்கில் 1.19 மீட்டர்தான். அதனால் அங்கே கிழக்கு மேற்காக எண் வேகமாக ஓடும். நீங்கள் இரண்டு தப்படி வைத்தால் எண் ஒன்று மாறும். பதறாதீர்கள்.

கேச் பற்றிய இணையப் பக்கங்களில் 161 மீட்டர் என்று ஒரு தூரத்தை அடிக்கடி பார்ப்பீர்கள். ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் நடுவே குறைந்தது அவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது விதி. மைலில் பத்தில் ஒரு பங்கு. இதை முதலில் படித்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம். 66 அடிச் சங்கிலியில் அது சரியாக எட்டுச் சங்கிலி! நாங்கள் வயல் வரப்பில் இழுத்துக்கொண்டு நடந்த அதே சங்கிலி.

சரி, போன் உங்களைப் புள்ளிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். திறந்த வெளியில் மூன்று, ஐந்து மீட்டருக்குள். ப்ராக் பழைய நகரம் போன்ற இடத்தில் இரண்டு பக்கமும் நான்கு மாடிக் கல் கட்டடம், நடுவே மாட்டுவண்டி அகலத்துக்குச் சந்து. சிக்னல் சுவரில் மோதித் திரும்பி வரும், அம்புக்குறி பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றும். அங்கே போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணைத் திறக்க வேண்டும். எது அந்த இடத்தோடு ஒட்டாமல் இருக்கிறது? அதுதான் கேள்வி.

ஆற்றங்கரையில் ஒரு இரும்புக் கைப்பிடியைச் சுற்றி நானும் பேரனும் இருபது நிமிடம் தேடினோம். கல் இடுக்கு, பெஞ்சுக்கு அடி, விளக்குக் கம்பத்தின் பின்புறம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கைப்பிடியைத் தாங்கும் தகட்டைப் பார்த்தேன். வரிசையாகப் பன்னிரண்டு போல்ட். பதினொன்றில் துரு வழிந்திருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை. நகத்தால் நெம்பினேன், கையோடு வந்தது. காந்தம் வைத்த பொய்த் தலை. உள்ளே சுண்டுவிரல் நகம் அளவு குழி, அதில் இறுக்கச் சுருட்டிய காகிதச் சுருள், நூல் கண்டைவிடச் சிறியது. பென்னாகரம் பக்கம் ஒரு தடவை எல்லைக் கல்லை ஒரு நாள் முழுக்கத் தேடி, சாயங்காலம் அது ஒரு கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லாகப் படுத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். சுற்றி இருந்ததெல்லாம் உருண்டைக் கல், அது ஒன்றுதான் உளி பட்ட கல். அன்றைக்கு இருந்த அதே மகிழ்ச்சி இந்தப் போல்ட்டிலும் இருந்தது.

இந்த அளவுச் சின்ன டப்பாவை நானோ என்பார்கள். பேனா உள்ளே இருக்காது, நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். சுருளை வெளியே இழுக்க ஒரு சின்ன இடுக்கியும் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் அதிகம் பார்ப்பது இன்னொரு வகை: தண்ணீர் பாட்டில் ஊதுவதற்கு முன் சோதனைக் குழாய் மாதிரி இருக்குமே, மூடி போட்ட கெட்டிப் பிளாஸ்டிக், அது. மழை உள்ளே போகாது.

இனி ரயில். டிரெஸ்டனிலிருந்து ப்ராக்குக்கு நேரடி ரயில் உண்டு, சுமார் இரண்டேகால் மணி நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரம். பெர்லினிலிருந்து வரும் விரைவு ரயில். அக்காவிடம் இருக்கும் ஜெர்மன் மாதச் சலுகை டிக்கெட் இந்த ரயிலில் செல்லாது. அது உள்ளூர் ரயில்களுக்கு மட்டும். செக் ரயில்வேயின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்தால் பெரும்பாலும் விலை குறைவாகக் கிடைக்கும். ஜெர்மன் ரயில்வேயின் விலையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள், கூடவே இருக்கை முன்பதிவும் செய்துவிடுங்கள். போகும் திசையில் இடது பக்க ஜன்னல்.

ஏன் இடது என்றால், ரயில் எல்பா ஆற்றின் கரையை ஒட்டியே ஓடுகிறது. ஆறு இடது கைப்பக்கம். டிரெஸ்டனைத் தாண்டிப் பிர்னா வந்ததும் இரண்டு பக்கமும் மணற்பாறை மலைகள் நெருங்கிவரும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் தூண் தூணாகப் பாறைகள், அதன் அடியில் சிவப்பு ஓட்டு வீடுகள், ஆற்றில் மெதுவாகப் போகும் படகு. வலது பக்கம் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தால் மலை உச்சியில் கோனிக்ஸ்டைன் கோட்டை தெரியும். நம் ராயக்கோட்டை மலையை ரயிலிலிருந்து பார்ப்பது மாதிரி, ஆனால் உயரத்தில் கோட்டைச் சுவர் முழுசாக நிற்கும். பாட் ஷாண்டாவ் தாண்டினால் எல்லை. அறிவிப்பு செக் மொழிக்கு மாறுவதுதான் அடையாளம்.

செக் பக்கம் வரும் முதல் பெரிய ஊர் தேச்சின். அங்கே ஆற்றுக்குள் ஒரு கல் இருக்கிறது. மே மாதத் தண்ணீரில் அநேகமாக முங்கியிருக்கும், ரயிலிலிருந்து பார்க்க முடியாது. ஆனாலும் அந்த இடத்தைக் கடக்கும்போது தெரிந்திருக்க வேண்டும். பஞ்சக் கல் என்று பெயர். கடும் வறட்சியில் ஆறு வற்றும்போது மட்டும் வெளியே தெரியும். தெரிந்த ஒவ்வொரு வறட்சி ஆண்டையும் அந்தக் காலத்து மனிதர்கள் அதில் செதுக்கியிருக்கிறார்கள், 1616 என்பது தெளிவாகப் படிக்க முடிகிற பழைய ஆண்டு. ஜெர்மன் மொழியில் ஒரு வரியும் உண்டு: "என்னைக் கண்டால் அழு." 2018, 2022 வறட்சிகளில் மறுபடி வெளியே வந்தது. தர்மபுரிக்காரர்களுக்கு இந்த வரியை யாரும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ப்ராக் எல்லைக்குள் வந்ததும் ரயில் முதலில் ஹொலெஷோவிட்செ என்ற நிலையத்தில் நிற்கும். பலகையில் ப்ராகா என்று பார்த்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். நீங்கள் இறங்க வேண்டியது அடுத்துவரும் பிரதான நிலையம், ஹ்லாவ்னி நாட்ராஷி. விமானத்தில் வந்தால் ஊருக்கு வெளியே இறங்கி பஸ் தேட வேண்டும். ரயில் உங்களை நடுவூரில் இறக்கிவிடும், பழைய நகரச் சதுக்கம் நடந்தே போகிற தூரம்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய ஏக்கமே உண்டு. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம், ஆனால் ரயில் நிலையம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு குட்டி ரயில் வந்துகொண்டிருந்தது, மொரப்பூரிலிருந்து உங்கள் தர்மபுரிக்கு இன்னொன்று. பின்னால் இரண்டுமே நின்று போயின. உங்கள் ஊருக்குப் பிறகு சேலம்–பெங்களூர் பாதை வந்தது, எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. அதனாலோ என்னவோ, ரயிலில் இறங்கி நடந்தே ஊருக்குள் போகிற இடத்தில் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

ப்ராக் நிலையத்தில் அவசரப்படாதீர்கள். முதல் நடைமேடையில் ஒரு சிலை இருக்கிறது. கண்ணாடி போட்ட ஒருவர், கையில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு சிறுமி, ஒரு பெட்டி. அவர் நிக்கோலஸ் விண்டன். 1939இல் நாஜிகள் கையில் சிக்கவிருந்த 669 குழந்தைகளை, பெரும்பாலும் யூதக் குழந்தைகள், இங்கிருந்து ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தவர். வெகுகாலம் அதை வெளியே சொல்லவே இல்லை. அந்த நடைமேடையை ஒட்டியே பழைய நிலையத்தின் குவிமாட மண்டபமும் உண்டு, ஜோசப் ஃபான்டா வடிவமைத்தது, 1909இல் கட்டி முடித்தார்கள். எல்லாரும் கீழே புது மண்டபம் வழியாக ஓடுவதால் இதைப் பார்க்காமலே போய்விடுவார்கள்.

அன்று மாலைக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஓட்டலில் பெட்டியை வைத்துவிட்டு, டிராமில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். 22ஆம் எண் டிராம் ஆற்றைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் ஏறும், அப்பா உட்கார்ந்தபடியே பாதி ஊரைப் பார்த்துவிடுவார். நகரத்துக்குள் 72 மணி நேரச் சீட்டு எடுப்பது உங்களுக்குச் சரியாக வரும். காகிதச் சீட்டானால் முதல் முறை ஏறும்போது மெஷினில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு இல்லாத சீட்டுதான், அபராதம் கட்ட வைப்பார்கள்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு, வல்டாவா ஆற்றின் மேலுள்ள கார்ல் பாலத்தில் (ஆங்கிலத்தில் சார்லஸ் பாலம்) இருங்கள். மே மாதம் ஐந்தேகாலுக்கெல்லாம் விடிந்துவிடும். பத்து மணிக்கு மேல் அந்தப் பாலத்தில் நம்ம ஊர்த் தேரோட்டக் கூட்டம், ஒரு கேச்சையும் யாரும் பார்க்காமல் எடுக்க முடியாது. 1357இல் அடிக்கல் நாட்டிய பாலம். அதுவும் அந்த ஆண்டு, ஒன்பதாம் தேதி, ஏழாம் மாதம், காலை 5:31 மணி என்று நேரம் பார்த்து நாட்டினார்கள் என்பது ஊர்ப் பேச்சு. எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள், 1-3-5-7-9-7-5-3-1. முகூர்த்தம் பார்க்கிறவர்கள் எங்கும் உண்டு.

பாலம் தொடங்கும் பழைய நகரப் பக்கத்தில், ஆற்றங்கரைச் சுவரில், தாடிவைத்த ஒரு மனிதத் தலை செதுக்கப்பட்டிருக்கிறது. பிராடாச் என்பார்கள். இதற்கு முன் அங்கே இருந்த பாலம் 1342 வெள்ளத்தில் போய்விட்டது, இந்தத் தலை அந்தப் பழைய பாலத்திலிருந்து வந்தது. முகத்தில் எதுவரை தண்ணீர் ஏறியது என்று பார்த்து வெள்ளத்தை அளந்தார்கள். 2002 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் மெட்ரோ நிலையங்களே மூழ்கின. 2024 டிசம்பரில் நம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி வண்டிகளை அடித்துக்கொண்டு போனதே, அதற்கு நாம் எங்கேயாவது சுவரில் ஒரு கோடு கிழித்து வைத்தோமா? அங்கே தேச்சினில் வறட்சிக்கு ஒரு கல், இங்கே ப்ராக்கில் வெள்ளத்துக்கு ஒரு தலை. இதைத்தான் நான் உங்களைத் தேடச் சொல்கிறேன். கேச் வைக்கிறவர்களில் நல்லவர்கள் இந்த மாதிரி இடத்துக்குப் பக்கத்தில்தான் வைப்பார்கள். கேச்சின் இணையப் பக்கத்தில் கதையை எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். 'சும்மா ஒரு பெட்டி' என்று எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள்.

பெட்டியே இல்லாத வகைகளும் உண்டு, சுற்றுலாவுக்கு அவைதான் உத்தமம். விர்ச்சுவல் என்றால் அங்கே போய் ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடித்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். எர்த்கேச் என்பது பாறை, மண், நீர் பற்றியது. ப்ராக்கின் தெற்கே பாரண்டோவ் என்ற பகுதியில் சுண்ணாம்புப் பாறைகள் சாலையோரமே செங்குத்தாக நிற்கும். நாற்பது கோடி வருடத்துக்கு முந்தைய கடலின் அடித்தரை அது, கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் நிறைந்தது. அவற்றை ஆயுள் முழுக்க ஆராய்ந்த ஜோக்கிம் பராண்ட் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர்தான் அந்தப் பகுதிக்கு. உங்கள் ஒகேனக்கல் பாறை அதைவிடப் பல மடங்கு பழையது, நேரத்தைக் கோடிகளில் எண்ணினாலும் அதுதான் மூத்தது. யாராவது ஒருவர் அங்கே ஒரு எர்த்கேச் முறையாக எழுத வேண்டும் என்பது என் ஆசை.

அன்று மதியம் ஒரு மணிக்குச் சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள். எல்லாரும் 1410ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தின் முன் அண்ணாந்து நிற்பார்கள். மணி அடிக்கும்போது பொம்மைகள் வரும், அம்மாவுக்குப் பிடிக்கும், பாருங்கள். பார்த்துவிட்டு உடனே சதுக்கத்தின் நடுவே மரியன்னைத் தூண் பக்கம் வாருங்கள். கல் பாவிய தரையில் ஒரு உலோகப் பட்டை ஓடும். முன்பு சொன்ன மெரிடியன் கோடு. 'முன்னாளில் ப்ராக்கின் நேரம் இதைக் கொண்டு ஒழுங்கு செய்யப்பட்டது' என்று எழுதியிருக்கும். தூணின் நிழல் இந்தக் கோட்டில் விழும்போது உச்சி நேரம். 1918இல் தூணை இடித்துவிட்டார்கள், 2020இல் மறுபடி நிறுத்தினார்கள். உச்சி நேரம் என்றால் பன்னிரண்டு மணிதானே என்று கேட்பீர்கள். கோடை நேரக் கணக்கில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருப்பதால் மே மாதம் அங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் ஏறக்குறைய ஒரு மணி. நம்ம ஊரில் அதே மாதத்தில் 12:13 சுமாருக்கு. கோட்டின் மேல் போனை வைத்து தீர்க்கரேகையைப் பாருங்கள். 25.283க்கு எவ்வளவு பக்கத்தில் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசம்தான் அன்றைக்கு உங்கள் போனின் பிசகு. மற்ற கேச் தேடும்போது அது கைகொடுக்கும்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். 1348இல் தொடங்கிய கார்ல் பல்கலைக்கழகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. தமிழ் இலக்கியத்தை மேலைநாட்டுக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவெலபில் பிறந்தது ப்ராக்கில், 1927இல். அங்கே தமிழ் கற்பித்தவர். அந்தத் தெருக்களில் நடக்கும்போது எனக்கு ஊர் அந்நியமாகவே தெரியவில்லை.

மூன்றாம் நாளுக்கு விஷெஹ்ராட். கோட்டை மேட்டில் புல்வெளி, மதில், கீழே வல்டாவா ஆறு. கூட்டம் குறைவு. பிரதான நிலையத்திலிருந்து சி வழித்தட மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம், இறங்கினால் ஏறக்குறைய சமதரையிலேயே கோட்டைக்குப் போய்விடலாம், மேட்டில் ஏறும் வேலை இல்லை. முழங்கால் வலிக்கு இதைவிட நல்ல இடம் ப்ராக்கில் இல்லை. பெட்ரின் மலைக்கு ஏறும் கேபிள் ரயிலைச் சீரமைப்புக்காக 2024 செப்டம்பரில் நிறுத்தினார்கள். ஓடத் தொடங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு அந்த மலையை யோசியுங்கள். கேச் ஒவ்வொன்றுக்கும் தேடுவதன் கடினம், நடக்கும் தரை என்று ஒன்று முதல் ஐந்து வரை இரண்டு எண் கொடுத்திருப்பார்கள். தரை 1 என்றால் சக்கர நாற்காலியே போகும். 1.5 வரை அப்பாவைக் கூட்டிப் போகலாம். அதற்கு மேல் உள்ளவற்றை அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய்த் தேடுங்கள். கருங்கல் பாவிய தெருக்கள் என்பதால் செருப்பு வேண்டாம், கெட்டி அடிப்பாகம் உள்ள ஷூ போடச் சொல்லுங்கள்.

தேடும்போது நடந்துகொள்ளும் முறை முக்கியம். இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாத வழிப்போக்கர்களை மகிள் என்பார்கள். அவர்கள் பார்க்கப் பெட்டியை எடுத்தால் அடுத்த வாரம் அது காணாமல் போகும். சும்மா போட்டோ எடுப்பது போல் நின்று, ஆள் நகர்ந்ததும் எடுங்கள். இருட்டில், அரசு அலுவலகம், தூதரகம், ரயில் பாதை ஓரங்களில் தேட வேண்டாம். 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில் ஒரு கேச்சை வெடிகுண்டு என்று நினைத்து நிபுணர்களை வரவழைத்தே வெடிக்க வைத்துவிட்டார்கள். போலீஸ் கேட்டால் மறைக்காதீர்கள், போனில் அந்தப் பக்கத்தைக் காட்டி விளையாட்டு என்று சொல்லுங்கள். எதையும் தோண்ட வேண்டியதே இல்லை, இடத்துக்காரர் அனுமதி இல்லாமல் தோண்டிப் புதைக்க விதியே விடுவதில்லை. கல்லைப் புரட்டினால் புரட்டிய மாதிரியே வையுங்கள். நாங்கள் ஒரு சர்வே கல்லை ஒரு சாண் நகர்த்தி வைத்தால் இரண்டு குடும்பம் இருபது வருடம் கோர்ட்டுக்கு அலையும். கேச்சும் அப்படித்தான். நீங்கள் மாற்றி வைத்தால் அடுத்து வருகிறவர் அத்தனை பேரும் அலைவார்கள். கிடைக்கவில்லை என்றால் 'கிடைக்கவில்லை' என்றே பதிவு போடுங்கள். பெட்டி தொலைந்ததா என்று வைத்தவருக்குத் தெரிய அதுதான் வழி.

ஜியோகேச்சிங் ஆப்பில் இலவசக் கணக்கில் எல்லாக் கேச்சும் திறக்காது, பயண மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டினால் போதும். வரைபடத்துக்கு மாப்பி என்ற செக் நாட்டு ஆப்பை இறக்கிவையுங்கள், இணையம் இல்லாமலும் ஓடும், ஒற்றையடிப் பாதை வரை காட்டும். காட்டுப் பக்கம் போனால் மரங்களில் வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் கோடு பார்ப்பீர்கள், 1888இல் தொடங்கிய செக் நடைப்பயணிகள் சங்கம் போட்டுவரும் வழிக்குறி. தனி ஜி.பி.எஸ். கருவி வாங்கத் தேவையில்லை. முக்கியமாக, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி யாராவது இரவல் கொடுத்தால் வாங்காதீர்கள். நம் நாட்டு விமான நிலையத்தில் அது சட்டச் சிக்கல்.

மற்றவை சுருக்கமாக. நீங்கள் அதிக நாள் தங்குவது ஜெர்மனி, அதனால் விசா ஜெர்மனிக்கே கேளுங்கள், ஷெங்கன் விசா செக் நாட்டுக்கும் செல்லும். எல்லையில் நிறுத்தாவிட்டாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஜெர்மனிக்குத் திரும்பும் ரயிலில் போலீஸ் ஏறிக் கேட்பது இப்போது சாதாரணம். ப்ராக்கில் யூரோ இல்லை, கொருனா. தெருவில் நின்று மாற்றித் தருகிறேன் என்பவர் பக்கமே போகாதீர்கள். சாப்பாட்டுக்கு அம்மா புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி கொண்டுபோகலாம். நெய், பால்கோவா கூடாது, பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் பையில் கொண்டுபோகத் தடை. மே மாதம், நம்ம ஊர் மாம்பழ சீசன், மகளுக்கு நாலு பழம் எடுத்துப் போகலாம் என்று அம்மா ஆசைப்படுவார். அதுவும் கூடாது. சான்றிதழ் இல்லாமல் அனுமதிக்கும் பழங்கள் ஐந்தே ஐந்து: வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியன்.

போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு ஒத்திகை பாருங்கள். தர்மபுரியில் அருங்காட்சியகத்து நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். பிறகு உங்கள் கொல்லையிலோ மாந்தோப்பிலோ ஒரு மாத்திரை டப்பாவை ஒளித்துவைத்து, அதே இடத்தில் ஐந்து நிமிடம் நின்று, நான்கைந்து முறை அளவெடுத்துச் சராசரி போட்டு, அம்மாவிடம் எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். அவர் ஒரு டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டால் ப்ராக்கில் உங்களை முந்திக்கொண்டு அவரே தேடுவார். என் மனைவி அப்படித்தான்.

திரும்பும் ரயிலுக்கு நிலையத்தில் அரை மணி முன்னே இருங்கள். பெரிய பலகையில் நடைமேடை எண் கடைசி நேரத்தில்தான் விழும். இந்த முறை ஆறு வலது பக்கம் வரும், இருக்கையை அதைப் பார்த்து எடுங்கள்.